பட்ஸ் பள்ளி: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்கள்

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காகக் கேரளத்தின் உள்ளாட்சிகள் நடத்தும் சிறப்புப் பள்ளிக்கு பட்ஸ் பள்ளி என்று பெயர். மாநிலத்தின் மகளிர் சுயஉதவி இயக்கமான குடும்பஸ்ரீ துணை நிற்கிறது. நடத்தும் பொறுப்பு பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ உரியது. 18 வயது வரை பள்ளி, அதற்கு மேல் பட்ஸ் மறுவாழ்வு மையம். இரண்டும் சேர்ந்து மாநிலத்தில் 350க்கு மேல் இருக்கின்றன. கேரளத்தின் கிராமப் பஞ்சாயத்துகள் 941 என்பதோடு ஒப்பிட்டால், பாதிக்கும் மேற்பட்ட ஊர்களில் இப்படி ஒன்று இல்லை என்பது புரியும்.

முதல் பட்ஸ் பள்ளி நெய்யாற்றின்கரை வட்டத்தின் வெங்ஙானூரில் 2004 ஆகஸ்ட் 16 அன்று தொடங்கியது. அந்த நாளே இன்று பட்ஸ் தினம். பள்ளி வாசலில் தடுக்கப்பட்ட புலையர் பிள்ளைகளுக்காகப் போராடிய அய்யன்காளி பிறந்த ஊரும் வெங்ஙானூர்தான். அவர் அங்கே தம் மக்களுக்காகப் பள்ளி தொடங்கியது 1904இல். சரியாக நூறு ஆண்டு கழித்து, பள்ளிக்கு வெளியே நின்ற வேறொரு கூட்டத்துக்கு அதே ஊரில் கதவு திறந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் இந்தப் பள்ளிகளின் நிலை விளங்கும். 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கிய கேரளம், மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளின் கையில் கொடுக்க முடிவெடுத்தது. அப்படி வரும் ஒதுக்கீட்டில் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கெனக் குறைந்தது 5 விழுக்காடு வைக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. பள்ளியைத் தொடங்க அரசின் ஒருமுறை மானியம் உண்டு. வேன் வாங்க எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதியைக் கேட்கலாம். கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம், வேனுக்குக் கொடியசைக்கலாம், ஆட்கள் முன்வருவார்கள். ஆனால் ஆசிரியைக்கும் ஆயாவுக்கும் மாதாமாதம் மதிப்பூதியம், டீசல், ஓட்டுநர் கூலி, மதியச் சாப்பாடு எல்லாம் பஞ்சாயத்தின் தலையில். இவற்றுக்குத் திறப்பு விழா கிடையாது.

அந்த 5 விழுக்காட்டிலேயே வேறு கைகளும் நீளுகின்றன. மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஆண்டுக்கு 28,500 ரூபாய் கல்வி உதவித்தொகை என்று அரசு அறிவித்திருக்கிறது. அதைக் கிராம, வட்டார, மாவட்டப் பஞ்சாயத்துகள் பகிர்ந்து தர வேண்டும். ஒரு படியில் பங்கு தாமதமானால் வீட்டுக்குப் போகும் தொகை குறையும்.

மிச்சமிருப்பது பஞ்சாயத்தின் சொந்த வருமானம். மலையாளத்தில் ‘தனது ஃபண்ட்’ என்பார்கள். கட்டட வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் ஆகியவைதான் அது. அடுக்குமாடிகள் எழும் நகரோரப் பஞ்சாயத்துக்கு இது தாராளம். ரப்பரும் மரவள்ளியும் சிறு கடைகளுமாக இருக்கும் எல்லையோரக் குன்னத்துக்காலுக்கோ வெள்ளறடைக்கோ அந்த வசதி இல்லை. 2023 ஏப்ரலில் பல மடங்கு உயர்த்திய அனுமதிக் கட்டணத்தை எதிர்ப்பு வலுத்ததும் 2024இல் அரசு பெருமளவு குறைத்தது. வீடு கட்டுபவருக்கு நிம்மதி. பஞ்சாயத்துக் கணக்கில் ஒரு பள்ளம்.

மார்ச் மாதம் வந்தால் கருவூலக் கட்டுப்பாடு. அனுப்பிய பில் வரிசையில் நிற்கும். ஏப்ரல் ஆனதும் ‘ஸ்பில்லோவர்’ என்ற பெயரில் புதிய ஆண்டின் ஒதுக்கீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். மத்திய அரசு விதித்த கடன் வரம்பை எதிர்த்துக் கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனதும் இதே நெருக்கடியின் மாநில அளவிலான முகம்தான்.

எல்லைக் கிராமங்களில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது, கிடைக்கவில்லை. பாறசாலையும் காரோடும் கேரளத்தில் நின்றன. களியக்காவிளை தமிழ்நாட்டுப் பக்கம் போனது. கடற்கரையில் பொழியூருக்கு அடுத்த ஊரான நீரோடி தமிழ்நாடு. தமிழ் பேசும் வீடுகள் மட்டும் கோட்டின் இரு பக்கமும் இருக்கின்றன.

தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழிசெய்யச் சொல்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. சாதாரணப் பள்ளிக்கு இது பாடப்புத்தகத்தின் மொழி பற்றிய பேச்சு. பேச்சே தாமதமாக வரும் பிள்ளைக்கோ ‘தண்ணி’ என்று கேட்பதா ‘வெள்ளம்’ என்று கேட்பதா என்பதில் தொடங்குகிறது. பேச்சுப் பயிற்சி தருபவருக்கு இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் முழுநேரப் பயிற்சியாளரையே வைக்கத் திணறும் வரவு செலவில் அது கடைசி வரியில்கூட ஏறுவதில்லை. கோட்டுக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தில் அறிவுசார் குறைபாடு உடையோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. அது தமிழ்நாட்டின் திட்டம் என்பதால் பாறசாலை வீட்டுக்கு எட்டாது.

பொதுப் பள்ளிகளில் படிக்கும் இத்தகைய பிள்ளைகளின் கதை டெல்லிவரை நீள்கிறது. அவர்களுக்குச் சொல்லித்தரும் சிறப்பு ஆசிரியர்கள் பெரும்பாலும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் ஒப்பந்தப் பணியாளர்கள். செலவில் 60 விழுக்காடு மத்திய அரசுடையது. தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற அளவை 2021இல் ஏற்ற உச்ச நீதிமன்றம், நிரந்தரப் பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதே காலத்தில் மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத கேரளத்துக்குச் சமக்ர சிக்ஷா பணம் வராமல் நின்றது. தமிழ்நாடு தனக்கு வர வேண்டிய 2,152 கோடிக்கு வழக்கே போட்டது. 2025 அக்டோபரில் கையெழுத்திட்ட கேரளம், கூட்டணிக்குள் எதிர்ப்பு எழவே சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தது.

உள்ளாட்சியின் பொறுப்பு என்று பார்த்தால் இங்கிலாந்தில் நிலை தலைகீழ். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பிள்ளைக்கு உதவித் திட்டம் எழுதப்பட்டுவிட்டால் அதை நிறைவேற்ற வேண்டியது உள்ளூர் கவுன்சிலின் கடமை. 2025 ஜனவரியில் அப்படி 6,38,745 திட்டங்கள் இருந்தன. மறுக்க முடியாததால் கவுன்சில்களின் பற்றாக்குறை ஏறிக்கொண்டே போகிறது. அதைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்கும் சலுகை 2028 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கேரளத்துப் பஞ்சாயத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் இங்கே கடன் ஏறுவதில்லை. பள்ளி திறக்காமலே கிடக்கும், அல்லது வேன் இரண்டு நடைக்குப் பதில் ஒரு நடை வரும்.

பக்கத்துப் பஞ்சாயத்துகள் கூட்டுத் திட்டமாகச் செலவைப் பகிர்ந்துகொள்ள விதியில் இடமுண்டு. பாறசாலை வட்டாரத்தைப் போல ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்துக்கு அது பொருந்தும். ஆனால் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் பங்கை ஆண்டுதோறும் தனித்தனியாகத் திட்டத்தில் சேர்த்து, மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். 2025 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் வந்த புதிய உறுப்பினர்கள் முன் வருவதும் அதே கணக்குதான். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே கூட்டப்படும் தனிக் கிராமசபையில் அது முதலில் படிக்கப்படும்.