கருவிழியைச் சர்வே செய்த கதை

சேலம், நாமக்கல் பக்கம் மூக்குக் கண்ணாடியை விட்டொழிக்க லேசிக் சிகிச்சைக்குப் புறப்படுகிறவர்களுக்கு, லேசருக்கு முன்பே ஒரு கருவி காத்திருக்கும். தாடையைத் தாங்கியில் வைத்து நடுவிலுள்ள வெளிச்சத்தைப் பார்த்தால் போதும். சில நொடிகளில் கருவிழியின் வடிவம் வண்ணப் படமாகத் திரையில் விரியும். வளைவு கூடிய இடம் சிவப்பு, தட்டையான இடம் நீலம். இந்த 'டோபோகிராபி'யின் மூலக் கருத்துக்கு வயது நானூறு.

1619இல் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஜெர்மானியப் பாதிரியார், கண்ணுக்குப் பக்கத்தில் வெவ்வேறு அளவுக் கண்ணாடிக் குண்டுகளைப் பிடித்துப் பார்த்தார். ஜன்னலின் பிம்பம் எந்தக் குண்டில் கருவிழியில் விழுவது போலவே தெரிகிறதோ, அந்தக் குண்டின் வளைவே கருவிழியின் வளைவு. 1880இல் போர்ச்சுக்கல்லின் அந்தோனியோ பிளாசிடோ, கறுப்பு வெள்ளை வட்டங்கள் வரைந்த தட்டு ஒன்றைச் செய்தார். கருவிழியில் பிரதிபலிக்கும் வட்டம் கோணினால் கருவிழியும் கோணல்.

அடுத்த ஆண்டே ஜவாலும் ஷியோட்ஸும் தந்த கெரட்டோமீட்டர் வளைவை எண்ணில் சொன்னது. கண்புரை நோயாளிக்கு லென்ஸ் பவர் கணக்கிட இந்த அளவு இன்றும் வேண்டும். ஆனால் அது பார்ப்பது மையத்தைச் சுற்றிய சுமார் 3 மில்லிமீட்டரை மட்டுமே. நாலு மூலைக் கல்லை மட்டும் அளந்து முழு வயலுக்கும் பட்டா எழுதுவது போலத்தான்.

அந்தக் குறை வெகுகாலம் பலரை உறுத்தவில்லை. உறுத்த வைத்ததில் ஒரு தமிழருக்கும் பங்குண்டு. சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், 1981இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில், எக்ஸைமர் லேசர் சுற்றுத் திசுவைச் சுடாமல் துல்லியமாகச் செதுக்குவதைக் கண்டார். இரண்டே ஆண்டில் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் அதைக் கருவிழிக்குக் கொண்டுபோனார். செதுக்க லேசர் வந்துவிட்டால், எங்கே எவ்வளவு செதுக்குவது என்று தெரிய வேண்டாமா? 1984இல் ஸ்டீபன் கிளைஸ், வட்டப் பிம்பங்களைக் கணினியில் ஏற்றி, ஆயிரக்கணக்கான புள்ளிகளின் வளைவைக் கணக்கிட வழி காட்டினார். பிறகு வண்ண வரைபடம் வந்தது.

அதுவும் போதவில்லை. லேசிக் செய்த சில கண்களில் கருவிழி மெலிந்து முன்னே பிதுங்குவதை 1998இல் கண் மருத்துவர் தியோ சைலரின் குழு எழுதியது. மையத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள படலம் அது. 'கெரட்டோகோனஸ்' எனும் கூம்பு விழி நோயின் தொடக்கம் மறைந்திருந்தால் ஆபத்து கூடும். அந்த அறிகுறி பல நேரம் முதலில் கருவிழியின் பின்பரப்பில்தான் தெரியும். பிளாசிடோ வட்டங்களோ முன்பரப்போடு நின்றுவிடும். இதற்கு விடையாக 2000களின் தொடக்கத்தில் வந்த பென்டாகாம், சுழலும் கேமராவால் முன்பக்கம், பின்பக்கம், தடிமன் மூன்றையும் அளக்கிறது. அதன் ஒளியியல் விதிக்குப் பெயர் தந்த ஆஸ்திரியப் படை அதிகாரி ஷைம்ஃப்ளுக், கண்ணை நினைத்து உழைத்தவர் அல்ல. வானிலிருந்து எடுத்த நிலப்படங்களின் கோணலைத் திருத்த முயன்றவர்!

ஆனால் விலை கூடிய இந்தக் கருவி சிற்றூர் கண் மருத்துவமனைகளுக்குக் கட்டுப்படியாகாது. பெங்களூரில் மைக்ரோசாப்ட் ஆய்வகமும் சங்கரா கண் மருத்துவமனையும் சேர்ந்து, செல்போனில் பிளாசிடோ வட்டங்களைப் பொருத்தும் 'ஸ்மார்ட்கேசி'யை 2021இல் முன்வைத்தன. பிளாசிடோவுக்கு இதைவிட நல்ல மரியாதை இல்லை. கூம்பு விழியைச் சல்லடை போட்டுப் பிடிக்க அது உதவலாம். லேசிக்குக்கு முன் பின்பரப்பைக் காட்டும் கருவியின் வேலையை அது செய்யாது.

நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களுக்கு லேசிக் விஷயத்தில் கூடுதல் அக்கறை வேண்டும். லேசிக்குக்குப் பின் சிலருக்கு இரவில் எதிர்வண்டி ஹெட்லைட்டைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதுண்டு. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், டாக்டர் சொல்லும் நாள்வரை அதைக் கழற்றி வைத்துவிட்டே டோபோகிராபிக்குப் போகட்டும். இல்லையேல் படமே தப்பாக வரும். படத்தின் பிரதியையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கண்புரைக்கு லென்ஸ் பவர் கணக்கிடும் மருத்துவருக்கு அது தேவைப்படும்.