ஒக்கொங்க்வோவின் பயம்

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1958-இல் வெளியிட்ட 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவல், 19-ஆம் நூற்றாண்டு இறுதியின் இக்போ நாட்டைக் காட்டுகிறது. நாயகன் ஒக்கொங்க்வோ பேர் பெற்ற மல்யுத்த வீரன். களஞ்சியம் நிறைய வள்ளிக்கிழங்கு, மூன்று மனைவியர், ஊரில் மரியாதை. இருந்தும் உள்ளுக்குள் ஒரு பயம்: அப்பா மாதிரி ஆகிவிடுவோமோ! அப்பா உனோகா குழல் ஊதியே காலம் கழித்து, கடனோடு செத்தவர். பட்டம் பெறாத ஆணை இக்போ மக்கள் 'அக்பாலா' என்பார்கள். அச்சொல்லுக்குப் பெண் என்றும் பொருள்.

மூன்று வருஷம் தன்னை அப்பா என்று கூப்பிட்ட இக்கெமெஃபூனாவைக் கொல்ல ஊர் முடிவு செய்தது. தலையிட வேண்டாமென்று பெரியவர் ஒருவர் சொல்லியும் கேட்காமல், கோழை என்பார்களோ என்று பயந்து தானே வெட்டினான். அன்றே மகன் நுவோயேயின் மனசு விட்டுப்போயிற்று. பின்னாளில் அவன் மிஷனரிகளோடு போய்ச் சேர்ந்தான். கடைசியில் வெள்ளைக்காரரின் சேவகனை வெட்டிய ஒக்கொங்க்வோ, ஊர் தன்னோடு எழவில்லை என்று கண்டு தூக்கில் தொங்கினான்.

இது கதை. சரித்திரம் என்ன சொல்கிறது? 1929-இல் அதே இக்போ நாட்டில், பெண்களுக்கும் வரி வருமென்ற பேச்சு எழுந்ததும் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். ஆங்கிலேயர் நியமித்த 'வாரண்ட்' தலைவர்களின் வாசலில் உட்கார்ந்து, வசைப்பாட்டுப் பாடி அவர்களைப் பணிய வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் சுமார் 50 பெண்கள் மாண்டனர். ஆனாலும் 1930-களில் அந்தத் தலைவர் முறையை ஆங்கிலேயர் மாற்ற வேண்டியதாயிற்று.

எந்தப் பெயரால் தன்னை அழைப்பார்களோ என்று ஒக்கொங்க்வோ நடுங்கினானோ, அந்தப் பெயருக்கு உரியவர்கள்தான் சர்க்காரையே அசைத்துக் காட்டினார்கள்!