குதிரைக்குக் கற்பித்த அதபு

தருமபுரிக்கு மேற்கேயுள்ள இண்டூர் வட்டாரம் ஒரு காலத்தில் பாராமகால் என்னும் நிலப்பரப்பில் அடங்கியிருந்தது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் குதிரைப்படைகள் நடமாடிய மண் இது. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறியது. 1824-இல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குதிரைகளுக்கெனப் பண்ணை ஒன்றும் அமைந்தது. இப்படைகளைப் பற்றி எழுதுவோர் வாளையும் வெற்றியையுமே எழுதுகின்றனர். துள்ளித் திரியும் குட்டியொன்றை மனிதனுக்கு இணங்கச் செய்த கலையை எழுதுவார் அரியர். அக்கலை இல்லாவிடத்து நேர்வது யாது என்பதை அறிய, ஐந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிக் காயல் துறைமுகத்துக்குச் செல்லவேண்டும்.

பாண்டிய வேந்தரின் அமைச்சராயிருந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் காயலில் அதிகாரம் செலுத்தினார். அவருடைய சகோதரர், பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன். அவர் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்பினார் என்றும், ஒவ்வொன்றின் விலை 220 பொன் தீனார் என்றும், கடலில் மாண்டவற்றுக்கும் பாண்டியர் விலை கொடுத்தனர் என்றும் 14-ஆம் நூற்றாண்டின் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிக்கின்றார்.

அடுத்து அவர் கூறுவதே நாம் கருதற்பாலது. வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்தனர். பின்னர், பழக்குதல் என்பதே இன்றி வீரர்கள் அவற்றின் மீது ஏறி விரட்டினர். வலிமை மிக்க பரிகளும் சில நாளில் மந்தமுற்றுப் பயனற்றுப் போயின என்கிறார். மார்க்கோ போலோவும் குதிரைகள் பேணுவாரின்றி மாண்டதைச் சொல்கிறார். குதிரை மருத்துவம் அறிந்தோரை வணிகர்கள் இந்நாட்டுக்கு வரவிடவில்லை, குதிரைகள் இறந்தால்தானே விற்பனை தொடரும் என்ற கடும் குற்றச்சாட்டையும் அவர் சேர்க்கிறார். இவை அயலார் கூற்றுகள், மிகையும் இருக்கலாம். தமிழர் குதிரையை அறியாதவரும் அல்லர். கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே பேசுகின்றது. எனினும், பழக்கும் அறிவு குதிரையுடன் கரையிறங்கவில்லை என்பதில் இருவர் கூற்றும் ஒத்துள்ளன.

அவ்வறிவு யாது? குதிரை, வேட்டையாடப்படும் விலங்காகப் பிறந்தது. கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் மூக்கின் நேர் முன்னும் வாலின் நேர் பின்னும் வருவதை அது காண இயலாது; அங்கிருந்து திடீரென அணுகுபவனைக் கண்டு மிரளும். எனவே பழக்குபவன் உற்று நோக்காமல், உடலைத் தளர்த்தி, அதன் தோள்புறமாக அணுகுவான். அவன் தோளுக்குப் பின்னே அடிவைத்தால் குட்டி முன்னே நடக்கும். தோளுக்கு முன்னே வந்தால் நிற்கும். கயிற்றை இழுப்பதால் மட்டும் அது கற்பதில்லை. ஓரடி இணங்கிய கணமே கயிறு தளர்வதால்தான் கற்கிறது. காது அவன்பால் திரும்புவதும், தலை தாழ்வதும், வாய் மெல்லுவதும் அச்சம் தணிவதன் அடையாளங்கள். இவையனைத்தும் தரையில் நின்றே நடைபெறுவன. முதுகெலும்பு முற்றுமுதிர ஐந்தாறு ஆண்டுகள் ஆகுமாதலால், ஏறுவதற்கு அவசரப்படுதல் குதிரையைக் கெடுக்கும். கோபத்தோடு குதிரையை அணுகலாகாது என்று கிரேக்க அறிஞர் செனபோன் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார்.

இஸ்லாமிய மரபில் இது அறநெறியாகவே உயர்ந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பணியாத ஒட்டகமொன்றை முன்னும் பின்னும் அலைக்கழித்தபோது, மென்மையைக் கைக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை முஸ்லிம் நூல் பதிவு செய்துள்ளது. அண்ணலார் தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்ததை இமாம் மாலிக்கின் முவத்தா கூறும். மனிதன் தன் குதிரையைப் பழக்குவதை ஏற்புடைய பொழுதுபோக்குகளுள் ஒன்றாகக் குறிக்கும் நபிமொழியில் வரும் சொல் 'தஃதீப்' என்பதாகும். 'அதபு' என்பதும் அதே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்ததே. பிள்ளைக்கு ஒழுக்கம் புகட்டுவதற்கும் குட்டியைப் பழக்குவதற்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலன்று. குதிரைகளைப் பராமரிப்பதைக் குறித்த 'சியாஸத்' என்னும் சொல்லே பின்னர் மக்களை ஆளும் கலைக்கும் பெயராயிற்று. 9-ஆம் நூற்றாண்டில் அப்பாஸியரின் குதிரை லாயத்துக்குப் பொறுப்பேற்றிருந்த இப்னு அகீ ஹிஸாம், குதிரையேற்றத்தையும் குதிரை மருத்துவத்தையும் இணைத்தே நூல் யாத்தார்.

தமிழகத்தில் 'இராவுத்தர்' என்னும் பெயர் குதிரைவீரரைக் குறித்தது; அருணகிரிநாதர் முருகனையே அச்சொல்லால் விளித்தார். சவாரி, லகான் முதலிய சொற்களும் தமிழில் நிலைபெற்றன. ஆயின், மார்க்கோ போலோவின் குற்றச்சாட்டில் பாதியேனும் உண்மையாயின், ஒரு தலைமுறை வணிகர்கள் குதிரையை விற்று, அதன் அதபை விற்காது தம்மிடமே வைத்துக்கொண்டனர் என்றாகும். அறிவை மறைப்பதை வன்மையாகக் கண்டிக்கும் மார்க்கத்தினர்க்கு இது எளிய பழியன்று.

காயலில் இறங்கிய குதிரைகளின் தொகையை நாம் பெருமிதத்துடன் எழுதி வருகின்றோம். அவை ஏன் மாண்டன என்பதையும் உடன் எழுதினால்தான் அவ்வரலாறு நிறைவுறும்.