கோடி ரூபாய் வினாடி வினா

கேள்விக்கு விடை சொன்னவருக்குப் பொற்கிழி தருவது தமிழகத்தில் பழைய வழக்கம். திருவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் சென்ற பெரியாழ்வார் பாண்டியன் அவையில் பொற்கிழி வென்றதாக வைணவ மரபு கூறும். தொலைக்காட்சியில் அந்த இடத்தைப் பிடித்தது, 1998 இல் பிரித்தானியாவில் தொடங்கிய கோடீசுவர வினாடி வினா. 2000 இல் இந்தியில் அமிதாப் பச்சனும், அதையொட்டித் தமிழில் சன் தொலைக்காட்சியில் சரத்குமாரும் இதை நடத்தினர்.

இந்தியின் முதல் பருவத்தில் 15 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஐந்தாம் கேள்வியைத் தாண்டினால் 10,000, பத்தாவதைத் தாண்டினால் 3,20,000 ரூபாய் உறுதி. தவறான இரண்டு விடைகளை நீக்குதல், பார்வையாளர் வாக்கு, நண்பருக்குத் தொலைபேசி என மூன்று உதவிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரே முறை. விடை தெரியாவிட்டால் கையிலுள்ள தொகையோடு விலகலாம். ஆட்டத்தின் உயிர் இவ்விதியே. 50 லட்சத்துடன் கடைசிக் கேள்விக்கு வந்தவர் தவறினால் 46,80,000 ரூபாய் போய்விடும். அங்கே அறிவைவிடத் துணிவுக்கே சோதனை எனலாம்.

2012 இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' வந்தது. 2019 திசம்பரில் கலர்ஸ் தமிழில், பெண்கள் மட்டுமே பங்கேற்ற 'கோடீஸ்வரி'யை ராதிகா சரத்குமார் நடத்தினார். கேட்டும் பேசியும் விளையாடும் அந்த ஆட்டத்தில் 2020 சனவரியில் ஒரு கோடி வென்றவர், செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்த மதுரைப் பெண் கௌசல்யா கார்த்திகா.