கூட்டப்படுதலும் கூடுதலும்: புளியங்குளத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

வன்னிக் கிராமங்களைப் பற்றி எழுதப் புகுவோர் அவற்றின் ஒற்றுமையைப் போற்றித் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. குளக்கட்டைச் சேர்ந்து திருத்தினர். வயலைச் சேர்ந்து விதைத்தனர். பொங்கலைச் சேர்ந்து பொங்கினர். இன்றோ அவரவர் படலை அவரவர்க்கு என்றாகிவிட்டது என்பது அவ்வெழுத்துகளின் பொதுவான முறையீடு. இம்முறையீட்டில் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆயினும் முதன்மையான ஒரு வினாவை அது எழுப்புவதில்லை. அன்று சேர்ந்திருந்தோர் தாமாகக் கூடினரா, அன்றிக் கூட்டப்பட்டனரா? இவ்விரண்டையும் பிரித்தறியாதவரை, தனித்திருத்தலின் வசதியைத் துறந்து பிறரோடு நேரிற் கூடுவதை மனிதர் மேற்கொள்ளும் ஒரு தெரிவாக நாம் விளங்கிக்கொள்ள இயலாது. புளியங்குளத்தையும் அதனைச் சூழ்ந்த வன்னிப் பெருநிலத்தையும் முன்வைத்து இவ்வினாவை நோக்குவதே இக்கட்டுரையின் பணியாகும்.

புளியங்குளம் என்னும் பெயரே ஊரின் பொருளியல் அடித்தளத்தைச் சொல்லிவிடுகிறது. வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் கண்டி வீதியில் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என ஊர்ப்பெயர்கள் குளத்தில் முடிவது தற்செயலன்று. வடகீழ்ப் பருவக்காற்று தரும் மழையைத் தேக்கிவைத்தாலன்றி இந்நிலத்திற் காலபோகத்தை நம்பிச் செய்தல் அரிது. குளக்கட்டில் ஓரிடத்தில் உடைப்பெடுத்தால் அனைவரது வயலும் அழியும். துருசு திறக்கப்படும் நாளையொட்டியே எல்லோரும் விதைக்க வேண்டும். பன்றியும் யானையும் பயிருக்குள் இறங்காது தடுக்க வேலியும் இராக்காவலும் வேண்டும். நீர் குறைந்த ஆண்டுகளில் குளத்தையடுத்த வயல்களை மட்டும் விதைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் முறை வறள்வலயத்தில் நிலவியது. சிங்களப் பகுதிகளில் அது ‘பெத்ம’ எனப்பட்டது. இத்தகைய சூழலில் ஒருவன் தனியே கமம் செய்வதென்பது நினைத்தற்கும் அரிது. சேர்ந்திருத்தல் இங்கு நற்பண்பாக அமைவதற்கு முன்னர் உற்பத்தியின் நிபந்தனையாக அமைந்தது.

இந்நிபந்தனைக்கு அதிகாரத்தின் முகமும் இருந்தது. ஊழியக் கடமையாகிய இராசகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டது. குடிகளை விடுவித்த அதே நடவடிக்கை, குளங்களைப் பேணுதற்கு உழைப்பைத் திரட்டும் பழைய ஏற்பாட்டையும் தளர்த்தியது. கால் நூற்றாண்டு செல்லுமுன் குடியேற்ற அரசு தன் போக்கை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நீர்ப்பாசனம், நெற்செய்கை தொடர்பான பழைய வழக்காறுகளுக்குச் சட்ட வலுவளித்தது. நிலவுடையோர் கூடி விதி வகுத்தனர். அவ்விதிக்கு அடங்காதோர் தண்டிக்கப்பட்டனர். வெல் விதானை என்றும் வட்டவிதானை என்றும் அழைக்கப்பட்டோர் அதனை நடைமுறைப்படுத்தினர். கூட்டத்திற் பேசும் உரிமை நிலமுடையோனுக்கே இருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. வாரத்துக்கு உழுதவனும் கூலிக்கு வெட்டியவனும் உழைப்பிற் பங்குகொண்டனர், முடிவிற் பங்குகொள்ளவில்லை.

சூடு மிதிக்கும் களத்தை நோக்கினும் இதே இரட்டைத்தன்மை புலப்படும். எருமைகளையும் மாடுகளையும் சுற்றிச்சுற்றி நடத்தி இரவிரவாகச் சூடு மிதித்த காலத்தில், களத்திற்கெனத் தனிச் சொல்வழக்கு இருந்தது. நெல்லைப் பொலி என்றனர். குறைவையும் முடிவையும் உணர்த்தும் சொற்களைத் தவிர்த்தனர். சேர்ந்துழைப்போர் தமக்கென ஆக்கிக்கொண்ட மொழி அது. அதே களத்திலேதான் சாதிவழிக் கடமை செய்தோர்க்கு நெல் அளந்து கொடுக்கப்பட்டது. யார் முன்னே நிற்பது, யார் எட்ட நிற்பது என்பதைக் களமும் அறிந்திருந்தது. 1853இல் இந்தியக் கிராம சமுதாயங்கள் குறித்து எழுதிய கார்ல் மார்க்ஸ், அவற்றின் அமைதியான தோற்றத்தினுள் சாதியும் அடிமைத்தனமும் உறைந்திருந்தமையைச் சுட்டினார். இந்திய வரலாறு பற்றி அவர் கொண்டிருந்த கருத்துகளிற் பல பின்வந்த ஆய்வுகளால் திருத்தப்பட்டுள்ளன. ஆயினும் பழைய கூட்டு வாழ்வை எண்ணி ஏங்குவோர்க்கு அவர் விடுத்த எச்சரிக்கை வன்னிக்கும் பொருந்துவதே.

மறுபுறத்தில், தனிமை என்பது இந்நிலத்தில் விடுதலையாகவும் இருந்ததில்லை. லெனாட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட நாவல் இலங்கையின் தென்புற வறள்வலயத்துக் காட்டுக் கிராமம் ஒன்றைக் களமாகக் கொண்டது. குடும்பம் குடும்பமாக அக்கிராமம் தேய்கிறது. இறுதியில் ஒருத்தி மட்டுமே எஞ்ச, காடு அவளது குடிசையைச் சூழ்கிறது. வன்னியின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதிய ‘நிலக்கிளி’ 1973இல் வெளிவந்தது. இயற்கையோடு ஒன்றிய எளிய வாழ்வின் அழகை அந்நாவல் காட்டியதாகப் பலர் பாராட்டியுள்ளனர். காட்டோரத்திற் சிலராய் வாழ்வோர் எத்துணை எளிதிற் புண்படத்தக்கவர் என்பதையும் அது காட்டுகிறது. இரு நாவல்களும் வேறுபட்ட நோக்குநிலைகளிலிருந்து பிறந்தவை. எனினும், வறள்வலயத்தில் தனிமை வறியோர்க்குக் கிடைத்த ஓய்வன்று, அவர் மீது விழுந்த இடர் என்பதில் அவை உடன்படுகின்றன.

தனித்திருத்தல் வசதியாக மாறியது மிகப் பிந்திய காலத்திலேயாகும். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றபோது புளியங்குளம் சந்தைக்கும் நகருக்கும் அண்மித்தது. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பு மலேரியாவைத் தணித்தமை வறள்வலயக் குடியேற்றத்துக்கு வழி திறந்தது. உழவு இயந்திரம் மாட்டின் இடத்தையும், நீரிறைக்கும் இயந்திரம் ஓரளவுக்குக் குளத்தின் இடத்தையும் பிடித்தன. கிணறும் இயந்திரமும் உடையவன் குளத்துக் கூட்டத்துக்கு வந்தேயாக வேண்டியதில்லை. 2009க்குப் பின்னர் பரவலான அறுவடை இயந்திரம், பலர் பல நாள் செய்த வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. நோவும் களைப்பும் மிக்க உழைப்பினின்று மனிதர் விடுபடுவதை எந்த முற்போக்காளரும் எதிர்க்கவியலாது. இயந்திரம் யாருடையது என்பதே கேள்வி. அது வாடகைக்கு வரும்போது, அயலவனுக்குத் திருப்பிச் செலுத்திய உழைப்புக் கடன் பணக் கடனாக மாறுகிறது. உழைப்பாற் கடன்பட்டவன் அயலவனின் முகத்தை நாள்தோறும் பார்த்தான். பணத்தாற் கடன்பட்டவனுக்கு அந்தத் தேவை இல்லை.

இம்மாற்றத்தின் நடுவே, கூடுதலை உரிமையாக்க ஒரு முயற்சி நடந்ததை மறத்தலாகாது. பிலிப் குணவர்த்தன கொணர்ந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், பயிர்செய்வோர் தேர்ந்தெடுக்கும் பயிர்ச்செய்கைக் குழுக்களை உருவாக்கியது. வாரக் குடியானவனும் அவற்றில் இடம்பெறலாம் என்றாயிற்று. அதன் குறைகள் பல. ஆயினும், 1856ஆம் ஆண்டுச் சட்டம் நிலவுடையோனைப் பேசவைத்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் உழுபவனைப் பேசவைக்க முனைந்தது. 1970களில் தேர்தலின் இடத்தை நியமனம் பிடித்தபோது அந்த முனைப்பு மங்கியது. கூட்டம் நின்றுவிடவில்லை, கூடுவோரின் குரல் நின்றுவிட்டது.

வன்னியிற் கூடுதலின் எல்லை யாரைச் சேர்த்தது, யாரை விலக்கியது என்பதற்கு மலையகத் தமிழரின் வருகை உரைகல்லாக அமைந்தது. 1970களில் தோட்டங்களிற் பட்டினியாலும், 1977ஆம் ஆண்டு வன்செயலாலும் துரத்தப்பட்டோர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளை நாடி வந்தனர். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோர் முன்னின்று நடத்திய காந்தியம் இயக்கம் அவர்களுக்காகக் குடியிருப்புகளையும் பாலர் பாடசாலைகளையும் அமைத்தது. அறிமுகமற்றோர் ஒரே கிணற்றை வெட்டி ஒரே நிலத்தைத் திருத்திய அக்குடியிருப்புகளில், உறவுமுறையாலும் சாதியாலும் அமையாத ஓர் அயலின் தொடக்கத்தைக் காணலாம். 1983 ஏப்ரலில் இவ்விருவரும் கைதாயினர். அவ்வாண்டு ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டின் இறுதியில், பாலமனோகரன் எழுதிய தண்ணிமுறிப்பிலிருந்தும் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அரசு ஒடுக்கியது ஒருபுறம். மறுபுறம், வந்தோரை மலிவான கூலிகளாகவே வைத்திருக்க விரும்பிய உள்ளூர் நிலவுடையோரும் இருந்தனர். தமிழர் ஒற்றுமை என்னும் முழக்கம் இவ்வேறுபாட்டை மூடியதே ஒழிய நீக்கவில்லை.

போர்க்காலம் கூட்டப்படுதலின் உச்சம் எனலாம். 1997 மே 13இல் தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கை கண்டி வீதியைக் கைப்பற்றும் நோக்குடையது. அதன் முன்னேற்றம் தடைப்பட்ட இடங்களுள் புளியங்குளம் முதன்மையானது. ஊர் போர்க்களமாயிற்று, மக்கள் காடுகளுக்கும் பிற ஊர்களுக்கும் சிதறினர். போர்நிறுத்தத்தின் பின் 2002இல் வீதி திறந்தபோது, ஓமந்தையில் இராணுவச் சாவடியும் புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சாவடியும் அமைந்தன. 2006இல் வீதி மீண்டும் மூடுண்டது. இறுதிப் போர் ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவர் எனக் கட்டாய ஆட்சேர்ப்பு நடந்தது. 2009இல் ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் வவுனியாப் பகுதி முகாம்களில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. கூடாரத்துக்குள் பல குடும்பங்கள், தண்ணீருக்கு ஒரே வரிசை: இதைவிட நெருங்கி மனிதர் வாழ்ந்ததில்லை. எனினும் அதனைச் சமுதாயம் என எவரும் அழையார். வெளியேறும் உரிமையற்ற நெருக்கம் மந்தைக்குரியது.

மீளக்குடியேறியோர்க்குத் தனி வீடும் தனிக் கடனும் கிடைத்தன. 2013 செப்டெம்பரில் புகையிரதம் கிளிநொச்சி வரை மீண்டும் ஓடியது. இக்காலத்தில் வன்னியின் பெண்களை வாரந்தோறும் ஒரு முற்றத்திற் கூட்டியது நுண்கடன் நிறுவனமாகும். ஒருத்தி செலுத்தத் தவறினால் குழுவினர் பொறுப்பு என்னும் விதியின் கீழ், அயலுறவே கடனுக்குப் பிணையாயிற்று. 2018இல் வறட்சியுற்ற மாவட்டங்களில் பெண்கள் பட்ட சிறு கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. மூலதனமும் மனிதரைக் கூட்டவல்லது. ஆனால் அது கூட்டிய முற்றத்தில் ஒருத்தி மற்றவளுக்கு அஞ்சினாள்.

இப்பின்னணியில்தான் 2017ஆம் ஆண்டு வரலாற்று முக்கியத்துவம் பெறுகிறது. பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலிலும், பெப்ரவரி 24இல் வவுனியாவிலும், வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தாய்மாரும் மனைவியரும் ஆவர். பல ஊர்களிலிருந்து பேருந்தேறி வந்து, வீதியோரக் கொட்டகையிற் படங்களின் முன் அமர்ந்தனர். இவர்களை எவரும் கூட்டவில்லை. வீட்டில் இருந்திருப்பின் வெயிலில்லை, புலனாய்வாளரின் கேள்வியில்லை, அன்றாடக் கூலியும் இழக்கப்படுவதில்லை. அரசு வழங்க முன்வந்த வழிகளும் தனித்தனி வழிகளே: தனி விண்ணப்பம், தனிச் சான்றிதழ், 2022இல் அறிவிக்கப்பட்டவாறு குடும்பத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய். போராடியோர் அதனை மறுத்தனர். பணத்தின் அளவு மட்டும் அங்கே பிரச்சினையாக இருக்கவில்லை. பொதுக் கேள்வியாகிய ஒன்றைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிப்பதற்கு அவர்கள் உடன்படவில்லை. 2022 ஆகஸ்டில் இரு போராட்டங்களும் 2000 நாள்களைக் கடந்தன. இதற்கிடையே விடை காணாமலே இறந்த பெற்றோர் பலர்.

இக்கொட்டகைகளையும் இலட்சியமாக்குதல் தவறு. அவற்றினுள்ளும் பிளவுகள் எழுந்தன. கட்சிகளின் கைகளும் நீண்டன. ஆயினும் குளக்கட்டு, களம், முகாம், கடன்முற்றம் ஆகியவற்றோடு ஒப்பிடுமிடத்து ஓர் அடிப்படை வேறுபாடு தெளிவாகும். இங்கு வந்தவள் வராமலும் இருந்திருக்கலாம். அவள் வந்தமைக்குக் காரணம் நிலமோ குலமோ கடனோ அன்று. தன் துயரம் மற்றவளின் துயரத்தோடு ஒரே காரணத்தாற் பிணைக்கப்பட்டது என்னும் அறிவேயாகும். அவ்வறிவு வீட்டில் தனித்திருந்தபோது பிறந்திருக்க முடியாது. அருகருகே அமர்ந்து ஒருவர் கதையை மற்றவர் கேட்டபோதே, ‘என் பிள்ளை’ என்பது ‘எங்கள் பிள்ளைகள்’ என்றாயிற்று.

ஆகவே, வன்னியின் கூட்டு வாழ்வு அழிந்துவிட்டது என்னும் புலம்பலையும், இயந்திரமும் வீதியும் வந்ததால் இனி அது வேண்டியதில்லை என்னும் மகிழ்ச்சியையும் நாம் ஒருங்கே விலக்க வேண்டும். கட்டாயத்தின் பிடி தளர்ந்த பின்னரே கூடுதல் மனிதரின் சொந்தச் செயலாகிறது. அதனாலேயே அது முன்னையிலும் கடினமாகவும் இருக்கிறது. கமக்காரர் அமைப்பின் கூட்டமாயினும், வற்றாப்பளைப் பொங்கலாயினும், வீதியோரக் கொட்டகையாயினும், மூன்று கேள்விகளால் அளக்கத்தக்கன: உள்ளே வர யாருக்கு உரிமை? உள்ளே பேச யாருக்கு உரிமை? அஞ்சாமல் எழுந்து போக யாருக்கு உரிமை? காணியற்ற கூலியும், மலையகத்திலிருந்து வந்தவரின் பேரப்பிள்ளையும், கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்துபவளும் இம்மூன்று உரிமைகளையும் பெறும் நாளிலேயே, புளியங்குளத்தின் மக்கள் கூட்டப்பட்டோராக அன்றிக் கூடியோராக வரலாற்றில் இடம்பெறுவர்.