வண்ணார் துறையிலிருந்து தொடர்வண்டி நிலையம் வரை

ஓர் ஊரின் நிலையை அறிய இரண்டு வினாக்கள் இன்றியமையாதவை. அங்கு வாழ்வோர் எத்துணையர்? அவ்வூரை அடையும் வழி யாது? இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளும் ஒவ்வொரு சிற்றூருக்கும் மக்கள்தொகையோடு குடிநீர், சாலை, பேருந்து, இரயில் வசதிகளையும் சேர்த்தே பதிந்துள்ளன. வழி வந்தால் ஊர் வளரும் என்பது பொதுவான கருத்து. ஆயின் வழி பெருகப் பெருக, அவ்விடத்திற்குப் பெயர் தந்த மக்களே மறைந்துபோன வரலாறும் உண்டு. சிங்கப்பூரின் டோபி காட் அதற்குச் சான்றாகும்.

‘டோபி’ என்பது சலவைத் தொழிலாளியைக் குறிக்கும் இந்திச் சொல். ‘காட்’ என்பது நீரில் இறங்கும் படித்துறை. எனவே, தமிழிற் கூறின் அஃது ‘வண்ணார் துறை’ ஆகும். பின்னதைக் ‘காடு’ என மாணாக்கர் மயங்குதல் கூடாது.

1824ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் வாழ்ந்தோர் 10,683 பேர். அவர்களுள் இந்தியர் 756 பேரே. நகரம் வளர வளர, துணி வெளுப்போர் தேவையும் வளர்ந்தது. வட இந்தியாவிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர், பிராஸ் பாசா என்னும் சிற்றாற்றங்கரையைத் தம் தொழிற்களமாக்கிக் கொண்டனர். மலாய் மொழியில் இப்பெயர் ‘நனைந்த அரிசி’ எனப் பொருள்படும். துவைக்க நன்னீர், உலர்த்தப் புல்வெளி, அருகிலேயே துணி தரும் இல்லங்கள் ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே அமைந்தன. இரயிலும் பேருந்தும் இல்லாத அந்நாளில், அவர்களை அவ்விடத்திற்கு ஈர்த்தது நீரே.

முழங்கால் நீரில் நின்று, கல்லில் அடித்துத் துவைத்தல் எளிய தொழிலன்று. பல வீட்டுத் துணிகளும் கலவாதிருக்க இடப்படும் ‘வண்ணான் குறி’ தமிழர் நன்கறிந்தது. தமிழகத்தில் அதற்குச் சேங்கொட்டையின் சாறு பயன்பட்டது. எழுத்தறியாதவரும் பிழையின்றிப் படித்த எழுத்து அது எனலாம். காஞ்சியில் அடியார்தம் ஆடைகளை வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரை நாயன்மாருள் ஒருவராகப் போற்றும் மரபு நம்முடையது. எனினும், அயல்நாட்டில் அத்தொழில் செய்தோரின் பெயர்களை நாம் போற்றி வைக்கவில்லை.

காலம் மாறியது. ஆறு ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் ஆயிற்று. 1903இல் அண்மையிலுள்ள டேங்க் சாலையிலிருந்து இரயில் ஓடத் தொடங்கியது. 1932இல் அந்நிலையம் மூடப்பட்டது. 1939இல் கேத்தே மாளிகையின் திரையரங்கு எழுந்தது. பெருவிரைவு இரயில் நிலையம் அமைப்பதற்காக, 1980களில் அங்கிருந்த பழைய யூதர் இடுகாடும் அகற்றப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் மட்டுமன்றி, துயின்றோரும் வழிவிட நேர்ந்தது.

1987 டிசம்பர் 12இல் டோபி காட் நிலையம் திறக்கப்பட்டது. 2003இல் வடகிழக்குத் தடமும், 2010இல் வட்டத் தடமும் அங்கு வந்து சேர்ந்தன. மூன்று தடங்கள் கூடும் அந்நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியா அடுத்த நிறுத்தமே. இன்று அவ்விடத்தைக் கடந்து செல்வோர் மிகப் பலர். துவைப்போர் ஒருவரும் இலர்.

சென்னையிலும் இதனையொத்த நிலை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தோர் குடியிருந்தமையால் வண்ணாரப்பேட்டை எனப் பெயர்பெற்ற பகுதிக்கு, 2019இல் மெட்ரோ இரயில் வந்தது. இரு நகரங்களிலும் ஒரே தொழில் செய்தோரின் நினைவு நிலையப் பெயர்ப்பலகையில் எஞ்சி நிற்கிறது.

வழி மக்களைக் கொண்டுவரும், கொண்டும் போகும். பெயர் ஒன்றே போகாது நிற்பது. அப்பெயரின் பொருளை எடுத்துரைக்க ஆசிரியருக்கு வகுப்பில் ஐந்து நிமிடம் போதும். அதனைக் கேட்ட மாணவன் மறுநாள் அந்நிலையத்தில் இறங்கும்பொழுது, தன் காலடியில் முன்பு ஓர் ஆறு ஓடியதையும், அதில் சிலர் நாள் முழுதும் நின்று உழைத்ததையும் அறிந்தவனாக இறங்குவான்.