கடை விளையாட்டும் கணக்கும்

செப்புச் சாமான் வச்சு, மண்ணை அரிசின்னு அளந்து, புளியங்கொட்டையைக் காசாக வாங்கி விளையாடாதவர் நம்மில் யாரு? ஒண்ணு, ரெண்டு எண்ணப் பழகினதே அதில்தான். ஆனால் அதை யாரும் படிப்பு என்று மதித்ததில்லை. திண்ணைப் பள்ளியில் வாத்தியார் முன்னால் மணலில் எழுதினால்தான் கணக்கு.

1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து, சின்னப் பிள்ளைகளுக்குக் கையால் தொட்டுப் பழகிக் கற்கும் முறையை ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதற்கான சாமான்கள் விலை அதிகம். ஏழைப் பிள்ளைக்கு எங்கே கிடைக்கும்? தாராபாய் மோடக் என்ற அம்மா, இப்போது மகாராஷ்டிரத்தில் இருக்கும் போர்டி என்ற கடலோர ஊரில் 1945இல் குழந்தைகள் பள்ளி தொடங்கினார். ஊரில் சும்மா கிடைக்கும் பொருளே அங்கே பாடச் சாமான். பிள்ளைகள் வராவிட்டால் அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பாடம் போனது. ‘அங்கன்’ என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, மையங்களுக்கு அங்கன்வாடி என்றே பெயர்.

“அங்க சும்மா விளையாடத்தான் விடுறாங்க”ன்னு சொல்லித்தான் பல பேர் பிள்ளையை வேனில் ஏத்துறோம். எங்க ஊர் அங்கன்வாடியில் நாலு வயசுப் பிள்ளை இட்லிக் கடை போட்டிருந்தது. மூணு பேருக்கு ரெண்டு ரெண்டு இலைத் துண்டு வைத்தது. ஒண்ணு குறையுதுன்னு தானே கண்டுபிடித்து, ஓடிப்போய் ஒன்றே ஒன்று கிள்ளி வந்தது.